ஷார்ஜாவுக்குப் போன கட்டுச்சோறு

தை 20, திங்கள்

என் பெயர் நல்லுசாமி.

இந்த மூன்று சொல்லை எழுதிவிட்டு எழுந்து போய் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அறுபத்தெட்டு வயதில் தன் பெயரைத் தானே எழுதித் தானே படித்தவனால் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது.

மாலை வகுப்பு நடத்தும் மெர்சி டீச்சர்தான் இப்படி எழுதச் சொன்னார். "தெனம் நாலு வரியாச்சும் எழுதுங்கய்யா. இல்லாட்டி கை மறந்துரும்." திருச்சி காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை தூக்கிய கை இது. ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆறிய டீயும் நன்றாகத்தான் இருக்கிறது.

நாலு வரிக்கு மேலேயே ஆகிவிட்டது.

தை 21, செவ்வாய்

இன்று படித்தவை: பஸ்ஸில் 'படியில் நிற்காதே'. சர்க்கரை மாத்திரை அட்டை. பக்கத்து வீட்டுக் கல்யாணப் பத்திரிகை முழுவதும், தாய்மாமன்கள் பெயர் உட்பட.

என் மனைவி பாப்பாத்தி அடுப்படியிலிருந்து, "சத்தமில்லாம படிக்க மாட்டீங்களா?" என்றாள். சத்தமில்லாமல் படித்தால் என்ன படித்தேன் என்று எனக்கு எப்படித் தெரியும்?

தை 23, வியாழன்

எங்கள் மகள் சுகந்தி ஷார்ஜாவிலிருந்து பேசினாள். ஒரே மகள். கல்யாணமாகி இரண்டு வருடம். இப்போது ஏழாவது மாதம் நடக்கிறது. பாப்பாத்தி போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"இந்த வாரமும் அப்பா மீனு அனுப்பியிருக்காங்கம்மா. வஞ்சிரம்."

நான் எந்த மீனும் அனுப்பவில்லை. "நான் எப்பம்மா அனுப்புனேன்?" என்று கேட்டுவிட்டேன்.

"அய்யோ, நீங்க இல்லப்பா. அந்த அப்பா."

அந்த அப்பா என்றால் என் சம்பந்தி சிங்காரவேலு. மாப்பிள்ளையைப் பெற்றவர். கல்யாணத்தன்று சுகந்தி அவரை மாமா என்றுதான் கூப்பிட்டாள். பக்கத்தில் நின்று என் காதால் கேட்டேன். அது எப்போது மாறியது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அவருக்குக் காய்கறியும் மீனும் விமானத்தில் ஏற்றி அனுப்பும் தொழில். ஏர்போர்ட் பக்கத்தில் பெரிய ஷெட் இருக்கிறது. இங்கே சாயங்காலம் கட்டும் வெண்டைக்காய் மறுநாள் ஷார்ஜா கடையில் இருக்குமாம். அந்தச் சரக்கோடு மருமகளுக்கென்று வாரம் ஒரு பெட்டி மீன், உறைய வைத்தது.

"ஃப்ரிட்ஜ்ல வேற எதையும் வைக்க எடமே இல்லப்பா, பூரா மீனுதான்" என்றாள் சுகந்தி.

என்ன ஒரு பெருமை! எங்கள் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தேன். அரை எலுமிச்சம்பழம், இட்லி மாவு, பாப்பாத்தியின் கண் மருந்து.

தை 25, சனி

சுகந்தி பிரசவத்துக்கு வரவில்லை. விமானத்தில் ஏறவே கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டாராம். தலைப்பிரசவம் தாய் வீட்டில் இல்லை. வளைகாப்பும் அங்கேதான், மாசி ஒன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை. சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் அதற்குப் போகிறார்கள். சம்பந்தியம்மா பேறுகாலம் முடியும்வரை தங்குவார்களாம்.

எங்கள் வழக்கத்தில் வளைகாப்பன்று பெண்ணைப் பெற்ற வீட்டிலிருந்து கட்டுச்சோறு போக வேண்டும். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல். வளையல் போட்டதும் அவள் வாயில் விழும் முதல் சோறு பிறந்த வீட்டுச் சோறாக இருக்க வேண்டும்.

"அதுக்கென்னம்மா, அத்தையே எல்லாஞ் செஞ்சுருவாங்க" என்றாள் சுகந்தி.

பாப்பாத்தி போனை வைத்தாள். அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்தாள். அந்த அரிசியில் கல்லே கிடையாது, கடைப் பாக்கெட் அரிசி.

"நம்ம வீட்டுச் சோறு போவும்" என்றேன்.

"எப்படிப் போவும்? நடந்தா?"

"பறந்து."

சொல்லிவிட்டேன். பிறகுதான் பறக்க வைக்கிற ஆள் யார் என்று நினைத்துப் பார்த்தேன்.

தை 27, திங்கள்

சம்பந்தியின் ஷெட்டுக்குப் போனேன். கேட்காமல் இருக்க முடிந்தால் கேட்டிருக்க மாட்டேன்.

உள்ளே ஒரு பக்கம் பெண்கள் கறிவேப்பிலையைத் துடைத்து ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் அடுக்குகிறார்கள். ஈரம் இருந்தால் கறுத்துவிடுமாம். இன்னொரு பக்கம் முருங்கைக்காய், பாகற்காய், வாழை இலை. நடுவில் இரண்டு குளிர் அறைகள். ஒன்று காய்கறிக்கு, மார்கழி விடியற்காலை மாதிரி இருக்கிறது. இன்னொன்று உறைய வைக்கும் அறை. அதில் மூக்கை நீட்டினேன். மூக்கு இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டியதாகிவிட்டது.

சம்பந்தியின் ஆபீஸ் நாற்காலிக்குச் சக்கரம் இருக்கிறது. உட்கார்ந்தபடியே தராசுக்குப் போகிறார், உட்கார்ந்தபடியே திரும்பி வருகிறார். சட்டைப் பையில் இரண்டு பேனா. நான் இருந்த நேரம் முழுவதும் அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. எல்லாம் மேற்பார்வை பார்க்கும் ரெஜினா என்ற பெண்தான் எழுதினாள்.

நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை.

"இதுக்கு எதுக்கு சம்மந்தி இம்புட்டு தூரம்? ஒரு போன் அடிச்சா போதாதா? ரெஜினா, புதன்கிழம லோடுல சம்மந்தி வீட்டுப் பெட்டி ரெண்டு. என் கணக்குல போடு. பேப்பர் வேலையெல்லாம் நம்ம ஆபீசே பாத்துக்கட்டும்."

கொஞ்சம் பிகு பண்ணியிருக்கலாம். கொஞ்சம் கஷ்டம் என்று சொல்லியிருக்கலாம். அப்படியே அள்ளிக் கொடுத்தால் எதிரில் நிற்கிறவன் என்ன செய்வான்?

பிறகு விவரம் சொன்னார்கள். சோற்றைத் தட்டையாகப் பையில் பரப்பி உறைய வைத்து தெர்மாகோல் பெட்டியில் அனுப்ப வேண்டும். தயிர்ச்சோறு கூடாது, உறைந்து இளகினால் தயிர் தனி, சோறு தனி ஆகிவிடும். மஞ்சள், குங்குமம், வளையல், வெற்றிலை, பூ இதெல்லாம் வேறு பெட்டியில், காய்கறி அறையில் இருந்து போகும்.

"ஒண்ணே ஒண்ணு சம்மந்தி. பழம் மட்டும் வைக்காதீங்க. பழுத்த பழம் மூச்சு விடும். அந்த மூச்சு பட்டா பக்கத்துல இருக்குற கருவேப்பில ஈர்க்க விட்டு உதுந்துரும்."

பழம் மூச்சு விடுமாம்! நாற்பது வருடம் மார்க்கெட்டில் இருந்தவனிடம் சொல்கிறார். வாழைத்தாரைத் தலையில் சுமந்திருக்கிறேன். ஒரு தாரும் என் காதில் மூச்சு விட்டதில்லை. பிறந்த வீட்டுச் சீர் நிறைவாகப் போய்விடக் கூடாது என்று அவருக்கு உள்ளுக்குள் இருக்கிறது.

கிளம்பும்போது கேட்டார். "சம்மந்தி, சுகந்தி சின்னப் புள்ளையில என்ன விரும்பிச் சாப்புடும்? மீனு சாப்புடும்ல?"

வேவு பார்க்கிறார். "எல்லாஞ் சாப்புடும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தை 29, புதன்

மழை மாதிரி இருந்தது. பெய்யவில்லை.

மாசி 1, வியாழன்

ரெஜினா பெட்டிக்கு அச்சடித்த சீட்டு ஒட்டுவாளாம், இங்கிலீஷில். இருக்கட்டும். பெட்டியின் மறுபக்கம் தமிழில் நான் எழுதப் போகிறேன். மெர்சி டீச்சரிடம் தடித்த பேனா வாங்கி வகுப்பிலேயே பழைய அட்டையில் பழகிப் பார்த்தேன்.

'சுகந்திக்கு. அப்பா.'

முதல் தடவை ஆடு மேய்ந்த மாதிரி இருந்தது. பிறகு வரிசைக்கு வந்தது. சம்பந்தி அனுப்பும் எந்த மீன் பெட்டியிலும் அவர் கை எழுத்து இருந்திருக்காது. அட்டையைச் சுவரில் சாய்த்து வைத்துக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். மெர்சி டீச்சர், "யாருங்கய்யா அந்த அப்பா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதனால் கீழே 'நல்லுசாமி' என்றும் சேர்த்துக்கொண்டேன்.

மாசி 5, திங்கள்

பாப்பாத்தி விடிந்ததிலிருந்து அடுப்பில் நிற்கிறாள். புளிக்காய்ச்சல் வாசம் தெருமுனை வரை போகிறது. வேர்க்கடலைக்குத் தோல் நீக்கியது நான். நல்லெண்ணெய் செக்கில் வாங்கி வந்தது நான். பழைய புளிதான் வேண்டும் என்றாள், அதையும் தேடிப் பிடித்தது நான். இதையெல்லாம் எழுதி வைக்கிறேன், பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

தயிர்ச்சோறு போகாது என்றதும் பாப்பாத்திக்கு மனசு ஆறவில்லை. "அஞ்சு வகையில ஒண்ணு கொறையுதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இன்று சம்பந்தியும் அவர் வீட்டம்மாவும் விமானம் ஏறிவிட்டார்கள். ஏறுவதற்கு முன்னால் போன் செய்து, "பெட்டிய ரெஜினாட்ட குடுத்துருங்க சம்மந்தி, தங்கம் மாதிரி பாத்துக்கும்" என்றார். அவர் போய்விட்டார், என் சோறு இன்னும் அடுப்பில் இருக்கிறது.

மாசி 6, செவ்வாய்

பெட்டிகளைக் கொடுத்துவிட்டேன்.

சோற்றுப் பெட்டி உறைய வைக்கும் அறைக்குப் போனது. சீர்ப் பெட்டி காய்கறி அறைக்கு. கறிவேப்பிலைப் பெட்டிகளுக்கு நடுவில் இடம் பார்த்து வைத்தாள் ரெஜினா. மேலே இருந்த என் எழுத்தைப் படித்துவிட்டு, "நீங்களாய்யா எழுதுனீங்க? ஜோரா இருக்கு" என்றாள். கெட்டிக்காரப் பெண்.

சீர்ப் பெட்டியில் அடியில் ஒரு சீப்பு பூவன் பழம் இருக்கிறது. மேலே வெற்றிலை, அதற்கு மேலே பூச்சரம், அதற்கு மேலே வளையல் பெட்டி. பழம் இல்லாமல் சீர் அனுப்புகிறவன் தகப்பனா? தயிர்ச்சோறு குறைந்ததற்கும் சேர்த்து நல்ல பழுத்த சீப்பாகவே பார்த்து எடுத்தேன்.

பாப்பாத்திக்குக்கூடத் தெரியாது.

மாசி 7, புதன்

விமானம் வரவில்லை. ஷார்ஜாவில் பனி மூட்டமாம். அங்கிருந்து வந்தால்தானே இங்கிருந்து போகும்.

மாசி 8, வியாழன்

இன்றும் வரவில்லை. நாளைக் காலை வளைகாப்பு.

ரெஜினாவுக்குக் காலையில் போன் செய்தேன், மத்தியானம் செய்தேன், பிறகும் செய்தேன். "அய்யா, பனிய நான் என்ன பண்றது?" என்றாள். பாலைவனத்தில் பனி எப்படி வரும்? பாப்பாத்தி சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. கடைசியாக விளக்கு வைக்கும் நேரத்தில் ரெஜினாவே கூப்பிட்டாள். விமானம் இறங்கிவிட்டது, சரக்கு ஏறுகிறது, எங்கள் இரண்டு பெட்டியும் ஏறிவிட்டன.

விடியற்காலையில் அங்கே இறங்கும். இறங்கினால் போதுமா? வெளியே எடுக்க வேண்டும், வீட்டுக்குப் போக வேண்டும், சூடு செய்ய வேண்டும்.

மாசி 9, வெள்ளி

மெதுவாக எழுதுகிறேன், ஒன்றையும் விடக் கூடாது.

காலையில் மாப்பிள்ளை வீடியோவில் கூப்பிட்டார். சுகந்தி மாம்பழ நிறப் பட்டுப் புடவையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரிக்குக் கன்னம் இப்படியா இருக்கும்? பக்கத்து வீட்டுப் பெண்கள் சந்தனம் பூசி வளையல் போட்டார்கள். பாப்பாத்தி போனுக்கு மிக அருகில் முகத்தை வைத்துக்கொண்டு, "கைய நீட்டு, கைய நீட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நம் பெட்டி வரவில்லை. சம்பந்தி வாங்கி வர கார்கோ ஆபீசுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். நல்ல நேரம் முடியப் போகிறது என்று யாரோ சொன்னார்கள். சம்பந்தியம்மா தான் செய்த சோற்றில் ஒரு வாய் எடுத்துச் சுகந்திக்கு ஊட்டினார்.

முதல் வாய் அது.

"டவர் சரியில்ல" என்று சொல்லிவிட்டு நான் போனை அணைத்தேன். டவர் நன்றாகத்தான் இருந்தது. பாப்பாத்தி எழுந்து போய் பாத்திரம் கழுவினாள். கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள்.

மத்தியானத்துக்கு மேல் மாப்பிள்ளையிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. சுகந்தி பட்டுப் புடவையோடு தரையில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் தெர்மாகோல் பெட்டி. புளிச்சோற்றுப் பையைக் கத்தரித்து மடியில் வைத்துக்கொண்டு, உறைந்த சோற்றைக் கரண்டியால் உடைத்து வாயில் போட்டுக்கொண்டிருக்கிறாள். கை நிறைய வளையல். கன்னம் இரண்டும் உப்பியிருக்கிறது.

மாப்பிள்ளை போன் செய்தார். "சூடு பண்ணித் தர்றேன்னு சொல்லச் சொல்லக் கேக்கல மாமா. பொட்டியத் தொறந்ததும் அப்படியே உக்காந்துருச்சு. காலையில அம்மா ஊட்டுனது தங்கல, வாந்தி எடுத்துருச்சு. இது தங்கிருச்சு."

மகள் வாந்தி எடுத்தாள் என்பதைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட தகப்பன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பாப்பாத்தி போட்டோவைத் தடவிக்கொண்டே, "ஐஸோட திங்கிறாளே, பல்லு கூசுமே" என்றாள். பிறகு அழுதாள். நான் தெருவில் இறங்கிக் கடைசி வரை நடந்தேன். பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். சம்பந்திக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்க நினைக்க இனித்தது.

மாசி 10, சனி

பெட்டி பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததற்கு ரெஜினாவிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லலாம் என்று ஷெட்டுக்குப் போனேன். அவள் முகம் வெளிறியிருந்தது. தன் போனைக் காட்டினாள்.

போட்டோவில் கறிவேப்பிலைப் பெட்டி. பெட்டிக்குள் வெறும் ஈர்க்கு. இலையெல்லாம் உதிர்ந்து அடியில் குப்பை மாதிரி கிடக்கிறது. அடுத்த போட்டோவில் பாகற்காய். பச்சையாகப் போனது மஞ்சளாகப் பழுத்து, வாயைப் பிளந்து, உள்ளே சிவப்பு விதையைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

"பனியால ரெண்டு நாளு இங்கயே கெடந்துச்சுல்ல, அதுல யாரோ பழம் வச்சுருக்காங்கய்யா. அங்க கடக்காரரு பூராத்தையும் குப்பையில கொட்டிட்டாரு. எம்மேலதான் வரும்னு ராத்திரியெல்லாம் தூங்கல. காலையில மொதலாளி போன் பண்றாரு, 'நாந்தான் பழம் ஏத்தச் சொன்னேன், உங்கிட்ட சொல்ல மறந்துட்டேன்'ங்கிறாரு. கடக்காரர்ட்டயும் அப்படியே சொல்லிட்டாராம். அவரு மறக்குற ஆளே இல்லைய்யா."

நான் பாகற்காயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழம் மூச்சு விட்டிருக்கிறது.

பஸ்ஸில் வரும்போது கண்ணில் பட்ட எதையும் படிக்கவில்லை. அவரிடம் ஷெட் இருக்கிறது, உருளும் நாற்காலி இருக்கிறது, இரண்டு பேனா இருக்கிறது, என் மகள் வாயில் அப்பா என்ற பெயர் இருக்கிறது. என்னிடம் மட்டும் இருந்தது இந்தத் தப்பு ஒன்றுதான். அதையும் அவரே எடுத்துக்கொண்டார்.

மாசி 12, திங்கள்

எழுத ஒன்றும் இல்லை. பாப்பாத்தியிடம் பழத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் சொன்னதை எழுத முடியாது.

மாசி 15, வியாழன்

சம்பந்தி நேற்றுத் திரும்பிவிட்டார். சம்பந்தியம்மா அங்கேயே இருக்கிறார். காலையிலேயே ஷெட்டுக்குப் போனேன். அவர் ஒரு கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்து முருங்கைக்காய் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலி தூரத்தில் கிடந்தது.

"பழம் வச்சது நாந்தான் சம்மந்தி" என்றேன். நின்றுகொண்டே சொன்னேன்.

"தெரியும். ஷார்ஜா கார்கோ ஆபீசுல பூவம்பழ வாசம் அடிச்சா, அது வேற யாரு வீட்டுச் சீரா இருக்கும்?"

"அப்புறம் ஏன் உங்க பேர்ல போட்டுக்கிட்டீங்க?"

"அது எம் பேருதானே. என் ஷெட்டு, என் லோடு. சீர்ல பழம் இல்லாம நீங்க அனுப்ப மாட்டீங்கன்னு நான் யோசிச்சிருக்கணும். வேற கண்டெய்னர்ல தனியா ஏத்தியிருக்கலாம்." ஒரு முருங்கைக்காயை எடுத்து வளைத்துப் பார்த்தார். "ஆனா நல்ல பழம் சம்மந்தி. பூராத்தையும் மருமவதான் தின்னுச்சு. எனக்கு ஒண்ணு குடுக்கல."

அவர் சிரிக்கவில்லை. நான் இன்னொரு கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். அவரே ஆரம்பித்தார்.

"அங்க போன அன்னைக்கு ஐஸ் எடுக்கலாம்னு ஃப்ரிட்ஜத் தொறந்தேன். நான் அனுப்புன மீனு பூராம் அப்படியே அடுக்கியிருக்கு. மொத வாரத்துப் பையிலேருந்து. எல்லாத்துலயும் தேதி போட்டது நானு. ஒண்ணக்கூடப் பிரிக்கல. மீன் வாசமே ஆவலையாம் அதுக்கு. சொன்னா நான் வருத்தப்படுவேன்னு சொல்லாமயே வச்சுருக்கு. ரெண்டு மாசமா ரொட்டியும் மோருந்தான். பாத்தீங்கள்ல, கன்னம் ஒட்டிப் போய்க் கெடக்குறத?"

ஃப்ரிட்ஜில் இடமில்லை என்று சுகந்தி சொன்னது பெருமை இல்லை. இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

"போறதுக்கு முன்னாடியே எனக்குச் சந்தேகந்தான். கறி அனுப்பலாமா, வேற மீனு மாத்தலாமான்னு ரெஜினாட்ட கேட்டேன், உங்கள்ட்ட கேட்டேன். நீங்க எல்லாஞ் சாப்புடும்னுட்டீங்க." அவர் முருங்கைக்காயைப் பார்த்தபடியே பேசினார். "உங்க வீட்டுச் சோத்த ஐஸோட கடிச்சுத் தின்னுச்சு சம்மந்தி. பட்டுச் சட்டையோட போயி அந்தப் பொட்டிய எடுத்துட்டு வந்தது நானு. பக்கத்துல நின்னு பாக்குறேன். என்ன ஏறிட்டும் பாக்கல. எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க?"

"தெரியும்" என்றேன்.

எனக்குத் தெரியாதா?

சந்தோஷப்பட வேண்டிய நேரம் அது. கொஞ்சம் வந்தது, நிற்கவில்லை. ரெஜினா இரண்டு டீ கொண்டு வந்தாள். குடித்தோம்.

மாசி 17, சனி

சுகந்தி பேசினாள். குரலில் தெம்பு வந்திருக்கிறது. புளிச்சோறு தீர்ந்துவிட்டதாம்.

"அம்மா, நீ இங்க வந்துரும்மா. அத்தையும் இருக்காங்க, ஆனா உங்கையில சாப்புட்டாதான் எறங்குது. பிரசவம் வரைக்கும் இரு. அப்பா டிக்கெட் போட்டுத் தர்றேன்னு சொல்லிட்டாங்க. அந்த அப்பா."

கல்யாணம் முடிந்ததுமே மாப்பிள்ளை எங்கள் இருவருக்கும் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தார். நான் தொண்டையைக் கனைத்தேன்.

"நீங்க அப்புறமா வாங்கப்பா. ஒத்த ரூம் வீடு, அத்தையும் அம்மாவும் படுத்தாலே எடம் பத்தாது. கொழந்த பொறந்தப்புறம் வாங்க, என்ன?"

"அதுக்கென்னம்மா" என்றேன்.

வேர்க்கடலைக்குத் தோல் நீக்கியது யார்? செக்கெண்ணெய் யார் வாங்கி வந்தது? பெட்டியில் எழுதியது யார்? ஒரு வார்த்தை கேட்டாளா? 'உன் கை', 'உன் கை' என்று அம்மாவிடம் மட்டும். எனக்கும் இரண்டு கை இருக்கிறது.

பாப்பாத்தி வீடு முழுக்க நடந்துகொண்டே இருக்கிறாள். நாற்பத்தொரு வருடமாக இந்த வீட்டில் இருக்கிறவள், எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று இன்று எனக்குக் காட்டித் தந்தாள். "மொளகாத் தூளு இங்க. சீரகம் இங்க. மாத்தர இந்த டப்பாவுல." என் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னாள். வாய் ஓரத்தில் சிரிப்பு இருந்தது. மறைக்கப் பார்க்கிறாள், முடியவில்லை.

இத்தனை நாள் சம்பந்தியை நினைத்து எரிந்த வயிறு இப்போது பக்கத்திலேயே படுத்திருக்கிறவளை நினைத்து எரிகிறது. மார்க்கெட்டிலிருந்து பதின்மூன்று வருடம் ஏர்போர்ட் வாசல் வரை மூட்டை கொண்டுபோய் இறக்கியவன் நான். அந்த வாசலைத் தாண்டிப் போகப் போகிறவள் அவள்.

மாசி 22, வியாழன்

விசா வந்துவிட்டது.

பாப்பாத்தி மூன்று தடவை பெட்டி கட்டினாள், நான் மூன்று தடவை பிரித்துப் பார்த்தேன். ஊறுகாய் ஜாடி, வேப்பம்பூ, சுக்கு, பிள்ளைக்குப் பழைய வேட்டித் துணி. எல்லாம் எனக்குத் தெரியாமல் எப்போது சேர்த்தாள்?

"ஒங்களுக்கு மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றாள்.

"எப்படி இருக்கு? எப்பவும் போலத்தான்."

"பாகக்கா பழுத்த மாதிரி இருக்கு."

மாசி 26, திங்கள்

பாப்பாத்தி போய்விட்டாள்.

விடியற்காலை விமானம். ஏர்போர்ட்டில் வாசல் வரைதான் விட்டார்கள். சம்பந்தி தன் காரிலேயே எங்களை அழைத்து வந்திருந்தார். போலீஸ்காரர் பாஸ்போர்ட்டைப் பார்த்து, "சரி, போங்கம்மா" என்றார். பாப்பாத்தி உள்ளே போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்த்தாள். கை காட்டுவாள் என்று நினைத்தேன். புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, மார்க்கெட்டுக்குப் போகிறவள் மாதிரி விடுவிடு என்று நடந்துவிட்டாள்.

"மேல உங்க வீட்டம்மா, கீழ என் வெண்டக்கா. ரெண்டும் ஒண்ணாப் போவுது" என்றார் சம்பந்தி.

அங்கிருந்து ஷெட்டுக்குப் போனோம். எனக்கு வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை, அவருக்கும் அப்படித்தான் என்று தெரிந்தது. நான் ரெஜினாவோடு உட்கார்ந்து கறிவேப்பிலை துடைத்தேன். "அய்யா பழத்துலேருந்து தள்ளியே உக்காருங்க" என்றாள். அங்கே பழமே இல்லை. எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். நான் அவர்களிடம் சொல்லவே இல்லை, எப்படியோ எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

பொழுது சாயும் நேரத்தில் சுகந்தியின் போன் வந்தது. நான் ஸ்பீக்கரில் போட்டேன். சம்பந்தி நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"அம்மா நல்லபடியா வந்துட்டாங்கப்பா. வந்ததும் அடுப்படிக்குள்ள போயிட்டாங்க." பின்னால் பாப்பாத்தியின் குரல் கேட்டது. சுகந்தியை அதட்டிக்கொண்டிருந்தாள். "இதென்னடி இம்புட்டு மீனு? எல்லாத்தையும் அக்கம்பக்கம் குடுத்துட்டு எடத்த காலி பண்ணு." சம்பந்தியம்மாவின் சிரிப்பும் கேட்டது.

"ஏம்மா, பிளைட்டுல அம்மா..." என்று ஆரம்பித்தேன்.

"அப்புறம் பேசுறேம்ப்பா. தட்டுல சோறு போட்டுட்டாங்க, ஆறுது."

வைத்துவிட்டாள். எந்த அப்பாவையும் கேட்கவில்லை.

சம்பந்தி நாற்காலியைத் தராசுப் பக்கம் உருட்டிக்கொண்டு போனார். பெண்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ரெஜினாவும் பையை எடுத்துக்கொண்டு, "வர்றேன் மொதலாளி, வர்றேங்கய்யா" என்று போய்விட்டாள். ஷெட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"சம்மந்தி, ராத்திரிக்கு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"பாக்கணும். அரிசி இருக்கு."

"ரசம் வைக்கத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது. உங்களுக்கு?"

அவர் இத்தனை ஊருக்குக் காய்கறி அனுப்புகிறவர். கடல் தாண்டி மீன் அனுப்புகிறவர். தராசில் கிடந்த ஒரு வெண்டைக்காயை எடுத்துக் கீழே வைத்தார்.

"சுடுதண்ணிகூட வைக்கத் தெரியாது சம்மந்தி" என்றார்.

எனக்குச் சுடுதண்ணி வைக்கத் தெரியும். அவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சீரகம் எங்கே, மிளகு எங்கே என்று நானே எடுத்துக் காட்டினேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ரசம் என்று ஒன்று வந்தது. வாயில் வைக்க முடியவில்லை. சம்பந்தி ஒரு வார்த்தை குறை சொல்லாமல் இரண்டு தடவை வாங்கி ஊற்றிக்கொண்டார்.

இன்று எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது.